கடைமடை வரை மருந்து

உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாத ஒருவரிடம் போய், நாலு மாத்திரையைக் கையில் கொடுத்து, இப்போதே இங்கேயே விழுங்குங்கள் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. காவிரிப் படுகையில் ஆண்டுக்கொரு முறை கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாக இதைத்தான் செய்தார்கள். பெரியவர்களுக்கு டி.இ.சி. மூன்று, அல்பெண்டசோல் ஒன்று. "நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு நர்சம்மா மாத்திரை?" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். நியாயமான கேள்வி அது. யானைக்கால் நோயை ஒழிப்பதில் மிகக் கடினமான பகுதி அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான். பதிலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் புரிந்துவிட்டால், மாநிலம் முழுவதற்கும் போடும் சுகாதாரத் திட்டம் எங்கே ஊன்றி நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதும் விளங்கிவிடும்.

வெற்றிலைக்கும் பாத்திரத்துக்கும் பேர்பெற்ற கும்பகோணம், இந்த நோய்க்கும் நெடுங்காலம் பேர்போன ஊராக இருந்தது. காவிரியும் அரசலாறும் இருபுறமும் ஓட, சுற்றிலும் நஞ்சை சூழ்ந்த ஊர் என்பதால், வயல்தான் இதற்கெல்லாம் காரணம் என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. படுகையில் மூன்று கொசுக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று வகைத் தண்ணீர் வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ், வெயில் படும் தெளிந்த நீரைத் தேடும்: புதிதாக நட்ட வயல், வாய்க்கால் கசிவு, மண் வெட்டியெடுத்த குழி. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் நெல் வயலிலேயே பெருகும். யானைக்கால் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸுக்கு அழுக்குத் தண்ணீர்தான் சொர்க்கம். அடைபட்ட சாக்கடை, மூடி சரியில்லாத கழிவுநீர்த் தொட்டி, கொல்லையில் தேங்கும் கழுவு நீர் ஆகியவற்றில் அது முட்டையிடும். நெருக்கமான வீடுகளும் திறந்த சாக்கடையும் சேர்ந்த இடத்தில் அது செழித்தது.

புழுவின் பெயர் உச்சரேரியா பான்கிராஃப்டி. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நிணநீர்க் குழாய்களுக்குள் ஆணும் பெண்ணுமாகப் பின்னிக் கிடந்து ஆறேழு ஆண்டுகள் உயிர்வாழும். அந்தக் காலம் முழுவதும் லட்சக்கணக்கில் குஞ்சுப் புழுக்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மைக்ரோஃபைலேரியா எனப்படும் இந்தக் குஞ்சுகள் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கைச் சற்றே தாண்டும். பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடந்து, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை தோலுக்கு அருகில் உள்ள ரத்தத்துக்கு வரும். அந்தக் கொசுவும் ஊரடங்கிய அந்த நேரத்தில்தான் கடிக்கும். கொசுவுக்குள் போன குஞ்சு ஏறக்குறைய பன்னிரண்டு நாளில் முதிர்ந்து, கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது அவர் தோலில் இறங்கும். 1872இல் கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகளைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன், கொசுவின் உடலுக்குள் அவை வளர்வதைக் கண்டறிந்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு தெரிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கண்டுபிடிப்பு அது.

இந்த வாழ்க்கைக் கதையில் நம் ஊர்கள் நெடுங்காலம் அறியாமல் போன ஓர் உண்மை உண்டு. ரத்தத்தில் குஞ்சுகளோடு திரியும் பெரும்பாலோருக்கு வெளியே தெரியும்படி ஒரு குறையும் இருக்காது. கால் வீங்கிப்போனவர்கள் பலருடைய ரத்தத்திலோ குஞ்சே இருக்காது. பழைய புழுக்கள் செத்து, நிணநீர்க் குழாய்கள் பழுதாகி, வீக்கம் மட்டும் நின்றுவிட்டிருக்கும். வீங்கிய காலைக் கண்டு ஊர் ஒதுங்கியது; பெண் கொடுக்கத் தயங்கியது. நோய் பரவியதோ, நோவு ஏதும் தெரியாமல் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய் வந்தவர்கள் வழியாக. அவர்கள் அறிந்து செய்ததல்ல அது. திண்ணையில் கேட்டவருக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில் இங்கே இருக்கிறது: "உங்க உடம்புல இருக்கா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது ஐயா, எனக்கும் தெரியாது. இருந்தா, அது உங்க பேரப்பிள்ளைக்குப் போகாம இருக்கத்தான் இந்த மாத்திரை."

அந்த மாத்திரைகளில் ஒன்றான டி.இ.சி. கண்டறியப்பட்டது 1947இல். இந்தியா 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இரவில் வீடு வீடாகப் போய் விரல்நுனியில் ரத்தத் துளி எடுத்து, குஞ்சு கண்டவருக்கு மட்டும் பன்னிரண்டு நாள் மருந்து கொடுப்பார்கள். சாக்கடைகளில் கொசுப்புழுவைக் கொல்லும் எண்ணெய் தெளிப்பார்கள். திட்டம் பெரும்பாலும் நகரங்களோடு நின்றது. நடுராத்திரியில் கதவைத் தட்டி ஊசியால் குத்துகிறவர்களை எத்தனை வீடு வரவேற்கும்? பன்னிரண்டு நாள் மருந்தைப் பாதியில் விட்டவர்களும் உண்டு. கிராமங்களோ கணக்கிலேயே வரவில்லை. பணியாளர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நோய் ஊர் முழுதும் பரவிக் கிடக்க, மருந்து ஆள் பார்த்துக் கொடுக்கப்பட்டது. குறை திட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது.

ஆள் பார்க்காமல் மருந்து கொடுக்க ஒரு வழி, படுகையின் ஓரத்திலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. கும்பகோணத்தைத் தொட்டு ஓடும் அரசலாறு கடலில் சேரும் இடம் காரைக்கால். அங்கே 1980களில் சமையல் உப்பில் மிகச் சிறிதளவு டி.இ.சி. கலந்து, நான்கு ஆண்டுகள் மக்களுக்கு விற்றார்கள். ரத்தத்தில் குஞ்சு உள்ளவர்களின் விகிதம் மிகக் கடுமையாகச் சரிந்தது. சமைக்கும் சூட்டில் இந்த மருந்து கெடுவதில்லை என்பதால் சாத்தியமான வழி இது. சீனா இதே வழியைப் பெரிய அளவில் கையாண்டு, 2007இல் யானைக்காலை ஒழித்த நாடு என்ற நிலையை எட்டியது. சிறு பகுதியில், விற்பனையைக் கட்டுக்குள் வைத்திருக்க முடிந்த இடத்தில் உப்பு வேலை செய்தது. கடைக்குக் கடை வேறு உப்பு, பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் வேறு மூட்டை என்று சந்தை திறந்து கிடக்கும் பெரிய மாநிலத்துக்கு அது பொருந்தி வரவில்லை.

மிஞ்சியது ஆண்டுக்கொரு நாள் மருந்து. ஒரே வேளை மருந்து, ரத்தத்தில் உள்ள குஞ்சுகளைப் பெரும்பாலும் துடைத்துவிடும் என்பதைப் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் உலகின் பிற ஆய்வுக்கூடங்களும் 1990களில் காட்டின. தாய்ப்புழு எல்லாம் சாகாது. ஓராண்டுக்குள் குஞ்சுகள் திரும்பவும் கூடும். அதற்குள் அடுத்த வேளை மருந்து. தாய்ப்புழு முதுமையடைந்து சாகும்வரை இப்படி ஐந்தாறு ஆண்டு தள்ளிவிட்டால், கொசு எடுத்துச் செல்லக் குஞ்சே இருக்காது. 1996இல் இந்தியாவில் சில மாவட்டங்களில் இது முன்னோட்டமாகத் தொடங்கியது. தமிழகமும் அதில் இருந்தது. 1997இல் உலக சுகாதார மன்றம் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பது என்று தீர்மானம் போட்டது. 2004 முதல் நாட்டில் நோயுள்ள மாவட்டங்கள் அனைத்துக்கும் திட்டம் விரிந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர எல்லோரும் விழுங்க வேண்டும். மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேர் விழுங்கினால் போதும் என்பது உலக அளவில் வைத்த கோடு.

அந்த 65 என்ற எண்ணில்தான் திட்டம் தீட்டுகிறவர்கள் கண்ணை ஊன்ற வேண்டும். ஆயிரம் பேர் உள்ள ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 650 பேர் விழுங்குகிறார்கள், 350 பேர் விடுபடுகிறார்கள். விடுபடுவது தற்செயலானால், அதாவது இந்த ஆண்டு கல்யாணத்துக்குப் போனவர், அடுத்த ஆண்டு காய்ச்சலில் கிடந்தவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தால், ஐந்து ஆண்டும் ஒரு மாத்திரைகூட விழுங்காதவர் எத்தனை பேர்? 0.35ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.005 சொச்சம். ஆயிரத்தில் ஐந்து பேர். மாறாக, ஒவ்வோர் ஆண்டும் அதே 350 பேர் விடுபட்டால்? ஐந்து ஆண்டுக்குப் பிறகும் 350 பேர்தான். புழு அவர்களிடம் பத்திரமாக இருக்கும்; ஊரே ஐந்து ஆண்டு மாத்திரை விழுங்கியது வீண்.

இரண்டு ஊருக்கும் சென்னைக்குப் போகும் அறிக்கையில் ஒரே எண்தான்: 65 சதவீதம். கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்ற கணக்கு, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. அதைக் கடைமடைக்காரர்தான் சொல்ல வேண்டும். விடுபட்டவர் யார், போன ஆண்டும் அவரேதானா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தத் தெருவில் இருக்கும் அங்கன்வாடிப் பணியாளரும், மகளிர் சுய உதவிக் குழுவின் பெண்களும், பள்ளி ஆசிரியரும்தான். மக்கள் பங்கேற்பு என்பதைத் திட்டத்துக்குப் பூசும் வண்ணமாக எண்ணுகிறவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. 5க்கும் 350க்கும் உள்ள வித்தியாசம் மக்கள் கையில் இருக்கிறது. வேறு எவர் கையிலும் இல்லை.

திரும்பத் திரும்ப விடுபடுகிறவர்கள் யார்? வேலைக்காகத் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டு ஆண்டுக்கொரு முறை ஊர் வரும் ஆண்கள். விடியற்காலையில் நடவுக்கோ களையெடுக்கவோ போய் இருட்டிய பின் திரும்பும் பெண்கள். வாங்கி மாடத்தில் வைத்துவிடுகிறவர்கள். இவர்கள் ஏட்டில் விழுங்கியவர்களாகவே பதிவாகிவிடுவார்கள். பிறகு, பயந்தவர்கள். டி.இ.சி. விழுங்கிய சிலருக்கு அன்றிரவே காய்ச்சல், தலைச்சுற்றல், வாந்தி வரும். செய்தி ஒரு மணி நேரத்தில் தெருவெல்லாம் பரவும். மறுநாள் மாத்திரை தொடுவார் இல்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மருந்தின் நஞ்சால் வருவதல்ல. ரத்தத்தில் இருந்த குஞ்சுகள் கூட்டமாகச் சாகும்போது, அவற்றின் சிதைவுகளை எதிர்த்து உடம்பு எழுப்பும் சூடு அது. குஞ்சு அதிகம் இருந்தவருக்குத்தான் அதிகம் வரும். ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். காய்ச்சல் வந்தவர்தான் அந்த மருந்து மிகவும் தேவைப்பட்டவர். இதை முன்கூட்டியே, பஞ்சாயத்துத் திடலிலும் பள்ளிக்கூடத்திலும் சொன்ன ஊரில் காய்ச்சல் ஒரு சான்று. சொல்லாத ஊரில் அது வதந்தி.

ஊரைச் சேர்த்துக்கொண்டால்தான் பலன் என்பது மருந்துக்கு மட்டும் பொருந்தும் விஷயம் இல்லை. தஞ்சை மாவட்டத்திலேயே இதைவிடப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை திறந்தபோது, கல்லணைக் கால்வாய் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வறண்ட நிலங்களுக்குக் காவிரி வந்தது. ஊர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் வாய்க்கால் அது. தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல், டி. ராமச்சந்திர ராவ் முதலியோருடன் பட்டுக்கோட்டையில் தங்கி ஆராய்ந்தார். பாசனமே குற்றவாளி என்று அவர் சொல்லவில்லை. ஒழுங்கற்ற பாசனம், கசியும் மடை, மூடாத குழி ஆகியவைதான் காரணம் என்று 1938இல் எழுதினார்.

அவர்கள் கண்டறிந்தவற்றில் எனக்கு மிகவும் வியப்பானது ஒன்று. அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் நீர்ப்பரப்பின் மேல் பறந்தபடியே முட்டையிடும். நடவு வயலில் பயிர் ஏறக்குறைய ஓர் அடி வளர்ந்துவிட்டால், தாள்கள் பறப்புக்குத் தடையாகி, கொசு அந்த வயலைக் கைவிட்டுவிடும். நீரில் செங்குத்தாகத் தடைகளை நட்டுச் சோதித்தபோதும் அப்படியே நடந்தது. அப்படியானால் ஆபத்து, நட்ட முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களில் வயலை விட்டு விட்டுக் காயவைத்தால் கொசுப்புழு முதிராமல் சாகும். ரஸ்ஸலும் தோழர்களும் இதைச் சோதித்து 1942இல் எழுதினார்கள். நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறைதான் அது. பின்னாளில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையமும் மூளைக்காய்ச்சல் கொசுவுக்கு எதிராக இதையும் வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவையும் வயலில் சோதித்தது.

பலன் தெரிந்தும் அது ஏன் ஊரெங்கும் பரவவில்லை? இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. வந்தது, தெளித்தால் போதும், எவரிடமும் பேச வேண்டாம் என்றானது. அது ஒரு காரணம். மற்றொன்று படுகையின் தண்ணீர் முறை. பழைய பாசனத்தில் ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் வழிந்து போகும். என் வயலை நான் காயவைக்க வேண்டுமானால் மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் சம்மதிக்க வேண்டும். வாய்க்காலில் முறை வைக்கும் நாளும் அதற்கு ஒத்துவர வேண்டும். நீர்வளத் துறையும் வேளாண் துறையும் பாசனதாரர் சங்கமும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசாமல் ஒரு கொசுவைக்கூட இந்த வழியில் குறைக்க முடியாது. தண்ணீரும் மிச்சமாகும் வழி என்பதால், இன்றைக்காவது உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

யானைக்காலில் தமிழகம் நெடுந்தூரம் வந்துவிட்டது. மாவட்டங்கள் ஒவ்வொன்றாக ஆண்டு மருந்தை நிறுத்தும் நிலைக்கு வந்தன. நிறுத்தலாமா என்பதை முடிவு செய்யப் பள்ளிக்குத்தான் போவார்கள். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் விரலில் ஒரு துளி ரத்தம். புழுவின் தடயம் உண்டா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வயதினர் மருந்து வழங்கல் நடந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் புழு இருந்தால், பரவல் நிற்கவில்லை என்று பொருள். பெரிய பகுதியில் ஏறத்தாழ 1,700 குழந்தைகளைச் சோதித்தால், தொற்றுள்ளவர்கள் 20 பேரைத் தாண்டக் கூடாது. கடலூர் மாவட்டத்தில் புதுச்சேரி மைய விஞ்ஞானிகள் இன்னொரு வழியையும் சோதித்தார்கள்: வீட்டோரக் கொசுக்களைப் பிடித்து, அவற்றின் உடலில் புழுவின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பது. மனிதரைக் குத்தாமல் ஊரின் நிலையை அறியலாம். இலங்கை 2016இல் ஒழிப்புச் சான்றைப் பெற்றுவிட்டது. இந்தியா தனக்கு வைத்திருக்கும் இலக்கு 2027.

பரவல் நின்றாலும் வீங்கிய கால் வீங்கியதுதான். அந்த மனிதர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். வீக்கம் முற்றியவர்களுக்கு மாநில அரசு மாத உதவித்தொகை தருகிறது. விரை வீக்கத்துக்கு எளிய அறுவை சிகிச்சை உண்டு. ஓதம் என்று வெட்கப்பட்டு மறைத்து வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போனால் குணமாகிவிடும். காலைப் பொறுத்தவரை, அடிக்கடி நெறி கட்டி, குளிர்க்காய்ச்சல் வந்து, ஒவ்வொரு முறையும் வீக்கம் ஒரு படி ஏறுவதுதான் பெரிய துன்பம். அந்தக் காய்ச்சலை உண்டாக்குவது விரலிடுக்குப் புண்ணிலும் வெடிப்பிலும் நுழையும் பாக்டீரியா. சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் நடவு வேலையில் அதற்கு வாசல் திறந்தே இருக்கும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்குக் களிம்பு தடவி, இரவில் காலை உயர்த்தி வைத்து வந்தால் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும். இதைக் கற்றுக் கொடுக்க மருத்துவர் தேவையில்லை. ஒரு முறை பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுப் பெண் போதும்.

சென்னை மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது; இந்தியாவில் அதுதான் முதல். பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறையும் தனிப் பணியாளர் வரிசையும் இருப்பது இந்த மாநிலத்தின் பலம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுய உதவிக் குழுப் பெண்களையே தன்னார்வலர்களாக்கி, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகிறது. உலக வங்கி உதவியுடன் 2019இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில், மாவட்டம் தோறும் சுகாதாரப் பேரவை கூட்டி, அங்கே எழும் தேவைகளை மாநில அளவுக்குக் கொண்டுபோக வழி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தப் பேரவைகளில் எத்தனை சதவீதம் என்று படித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், தொடர்ந்து விடுபடுவது எந்தத் தெரு, எந்த வேலை செய்கிறவர்கள், என்ன காரணம் என்று ஊராட்சித் தலைவரும் செவிலியரும் எழுந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத் திட்டத்தின் நேரத்தையும் இடத்தையும் மாற்றும் அதிகாரம் மாவட்டத்துக்கு இருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் இன்று படுகையில் முதலில் வரும் பதில், எந்த ஊர்ப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவர்கள். தஞ்சை, திருவாரூர் வயல்களில் இப்போது நடவு நடுகிறவர்களில் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வருகிறவர்கள் கணிசம். பீகாரில் யானைக்கால் இன்னும் ஒழியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை. நம் நெல்லை நட்டுத் தருகிறவர்கள். நம் சாக்கடையில் கொசு இருக்கும்வரை, அவர்கள் ரத்தத்தில் இருக்கக்கூடிய குஞ்சு நம் பொறுப்பும்தான். குறுவை நடவு தொடங்கும் ஜூன், ஜூலையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர்கள் தங்கும் கொட்டகைக்கு ஒரு செவிலியரும், அவர்கள் மொழி பேசும் ஒருவரும், அவர்களை அழைத்து வந்த மேஸ்திரியும் சேர்ந்து போக வேண்டும். எதற்காக ரத்தத் துளி எடுக்கிறோம், மாத்திரை விழுங்கினால் ஒரு நாள் காய்ச்சல் வரலாம், அந்த நாள் கூலி பிடிக்கப்படாது என்பதை நிலக்காரர் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும்.